இருபத்தேழாம் எண் வில்லை

படகுத்துறையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் 'ஓம்பாக்' நின்றது. மலாய் மொழியில் அலை என்று பொருள். புதிய போர்க்கப்பல், அன்று பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றவன், ஏணியின் அடிவரை போய்விட்டு ஏறாமல் திரும்பிவிட்டேன். காரணம் அங்கே மாட்டியிருந்த மரப்பலகை. வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை, ஒரு பக்கம் வெள்ளைச் சாயம், மறுபக்கம் சிவப்பு. அந்தப் பலகையில் இருபத்தேழு ஒரு காலத்தில் நான்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி, மீன்படகு, கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டு, கடற்படைப் பயிற்சித் தளம் ஒன்றின் சமையற்கட்டில், அங்கே சொல்வதுபோல் குசினியில், ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தேன். தளத்தின் பெயரும் ஓம்பாக்தான். முதலில் அது ஒரு ரோந்துக் கப்பலின் பெயர். கப்பலை உடைத்த பிறகு பெயரைக் கரைக்குக் கொடுத்தார்கள்; பெயரோடு கப்பலின் மணியும் பலகையும் வந்தன. அதனால் கட்டடங்களும் புல்தரையும் அங்கே கப்பல்தான். வாசலைத் தாண்டி ரொட்டி சானாய் வாங்கப் போனாலும் 'கரைக்குப் போகிறேன்' என்று சொல்லி வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். வெள்ளை என்றால் ஆள் கப்பலில் இருக்கிறான். தீப்பிடித்தால் வெள்ளைகளை எண்ணித்தான் தேடுவார்கள்.

குசினிக்குப் பெரியவர் புக்கிட் மெர்தாஜாம்காரர். எல்லோருக்கும் அவர் குசினி அண்ணன். பழைய கப்பலிலும் அவரே சமையல். அவருடைய எண் பதினாலு. ஒரு நாளைக்குப் பத்து முறை பலகையைப் போய்ப் பார்ப்பார். நான் சிரித்தால், "சிரி லா தம்பி, உனக்கென்ன" என்பார்.

பகல் மூன்று மணிக்கு அரிசிக் கிடங்கு நடையில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். இரண்டு தட்டு, கொஞ்சம் அமைதி, பிறகு அடுத்த கதவு. முதல் வாரம் எலி என்று நினைத்தேன். ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னார்.

"பழைய கப்பல் துறையில நிக்கறப்போ எஞ்சின் ரூம்ல தீ. நான் டவுன்ல நூடுல்ஸ் கடையில மீ தின்னுட்டு உக்காந்திருந்தேன். வில்லையத் திருப்ப மறந்துட்டேன். என் கூட்டாளி ஒருத்தன் பதினாலு வெள்ளையா இருக்கறதப் பாத்துட்டு உள்ள போனான். கதவு கதவா 'பதினாலு, பதினாலு'ன்னு தட்டினானாம்."

"அப்புறம் அண்ணே?"

"அவன் வெளிய வரல. கப்பல உடைச்சாங்க, பேர உடைக்கல. பேரு இருக்கற இடத்துல அவன் தேடிட்டு இருக்கான்."

இப்படி நாலு மாதம் ஓடியது. ஒருநாள் ஒப்பந்தக்காரரின் ஆள் எல்லார் முன்னாலும் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினேன். திரும்பி வரப்போவதில்லை, வில்லையைத் திருப்புவது எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தம்வரை போயிருப்பேன், சங்கு ஊதியது. திரும்பிப் பார்த்தால் குசினிக் கூரைக்கு மேல் கறுப்புப் புகை.

இருபத்தேழு வெள்ளையாகத் தொங்குகிறது. அண்ணன் கட்டாயம் பலகையைப் பார்ப்பார்.

அன்று ஓடிய மாதிரி நான் எதற்கும் ஓடியதில்லை. வாசலில், "அந்தக் கெழவன் உன்னத் தேடித்தான் உள்ள போச்சு, கழுத!" என்று காவலாளி கத்தினான். அண்ணன் ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வந்தார். புருவம் கருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு கதவாத் தட்டிட்டுப் போனேன்டா. எனக்கு முன்னாடி ஒருத்தன் தட்டிட்டே போறான். இத்தன வருஷமா பதினாலுன்னு கூப்பிட்டவன், இன்னிக்கி இருபத்தேழுங்கறான்." கொஞ்சம் இருமிவிட்டு, "போய்த் திருப்பு" என்றார்.

திருப்பினேன். சிவப்பு. என் கையால்தான் திருப்பினேன்; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த சில வருடங்களில் தளத்தை மூடினார்கள். அண்ணன் தன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். பெயர் எங்கோ காத்திருந்து இந்தப் புதுக் கப்பலுக்கு வந்திருக்கிறது, அதே மணியோடும் அதே பலகையோடும்.

ஏணியடியில் காவல் நின்ற சிப்பாய் நம் தமிழ்ப் பையன். பலகையில் பதினாலு சிவப்பாக இருந்தது. இருபத்தேழு வெள்ளை.

"தம்பி, இருபத்தேழு யாரு?"

"யாரும் இல்ல அங்கிள். பழசு, சும்மா அழகுக்கு மாட்டியிருக்கு. எங்களுக்கெல்லாம் கார்டுதான்."

"அதக் கொஞ்சம் சிவப்புக்குத் திருப்பேன்."

அவன் சிரித்தான். "ஏன் அங்கிள், எறங்கப் போறீங்களா? இன்னும் ஏறவே இல்லியே!"

"ஆமா, எறங்கறேன்."

கிழவனோடு என்ன வம்பு என்று திருப்பிவிட்டான். கொக்கியில் அது இரண்டு முறை மோதி நின்றது. ஏறாத கப்பலிலிருந்து இறங்கி நடந்தேன். மீண்டும் வெள்ளையாகிவிட்டதா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உலர்த்தும் கொட்டகையில் காய் பிளக்கும் வேலை. பலகை இல்லை, வாசல்கூட இல்லை. சாயங்காலம் முதலாளியம்மாவைத் தேடிப் போய், "அக்கா, நான் கெளம்பிட்டேன். உள்ள இல்ல" என்றேன்.

"போனா போ லா. உன்ன யாரு தேடப் போறா?" என்றார்.