லென்ஸுக்குச் சித்தி வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பாவுக்கு மாப்பிள்ளை முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தது. ஆலங்காயத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, படம் பிடிக்க அவர்தான் போவார். பறவைகளிடம் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்ச வேண்டியதில்லை பார் என்பார். பறவைகளைப் படம் பிடிக்கும் ஆசையில் வேலூருக்குப் போய் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை வாங்கி வந்துவிட்டார். சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படம் நன்றாக வராவிட்டால் கடைக்காரர் சொன்ன கெடுவுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கெடு முடியும் நாளன்று காலையில்தான் மூவரும் ஒரே வண்டியில் ஜவ்வாது மலை ஏறினோம். எனக்குப் பத்து வயது. நடுவில் நான், என் மடியில் லென்ஸ். புதிதாக வண்டி வாங்குபவர்கள் அடிவாரத்து அம்மன் கோயிலில் நிறுத்தி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். லென்ஸும் புதுசுதானே என்று சித்தி பின்னாலிருந்து சித்தப்பாவின் தோளைத் தட்டிப் பார்த்தார். காலை வெளிச்சம் போய்விடும் என்று சித்தப்பா நிற்காமல் போய்விட்டார்.

ஓடையோரம் ஒரு பாறையில் என்னை உட்காரவைத்துச் சோதனை தொடங்கியது. கண்ணைக் குறிவைத்து எடுத்தால் காதுத் தோடு பளிச்சென்று விழுந்தது, கண் மங்கிக் கிடந்தது. கேமராவில் ஏதோ எண்களைக் கூட்டினார், குறைத்தார். கொசு கடித்தாலும் நான் ஆடக்கூடாதாம்! ஒருவழியாகக் குறி கண்ணுக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் படத்தில் கூர்மையைக் காணோம். கிளையிலிருந்த கொண்டைக்குருவி நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது.

"இன்னாங்க, வந்துச்சா?"

"வரும், வரும்."

"வரும் வரும்னா எப்ப? வேலூர் போறதுக்குள்ள கடைய மூடிடப் போறான்."

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கே அழுகை வந்தது. முகம் கழுவ அவர் ஓடைக்குள் இறங்கியதுதான் தாமதம், சித்தி கைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். கட்டைவிரலை நனைத்துத் தொட்டு, லென்ஸின் முகக் கண்ணாடியில், நட்டநடுவில் ஒரே அழுத்து.

"அடிப்பாவி! இன்னாடி பண்ணி வச்சிருக்கிற?"

"சாமியக் கும்புடாம வந்தீங்க இல்ல? அப்புறம் எப்புடி வெளங்கும்?"

கல்யாண வீட்டில் அட்சதையும் பன்னீரும் மேலே வந்து விழும். அதனால் எந்த லென்ஸ் வாங்கினாலும் முதல் வேலையாக அதன் முகத்தில் மலிவாக ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகிவிடுவார் சித்தப்பா. சட்டைக்குப் பொத்தான் போடுவது மாதிரி, போட்ட நினைவே இருக்காது. இதற்கும் அப்படித்தான் போட்டிருந்தார். பொட்டைத் துடைப்பதற்காக இப்போது அதைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளை ரிப்பன் மாதிரி வாலை இழுத்துக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தது. சித்தப்பா ஒரு கையில் கண்ணாடியோடு, மறுகையால் லென்ஸைப் பாறையில் சாய்த்துப் படமாக எடுத்துத் தள்ளினார். பிறகு திரையைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

அப்பப்பா, அந்தப் படம்! ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கறுத்த கண்ணுக்குள் வானம் ஒரு துளி மின்னியது. சித்தப்பா போட்ட சத்தத்தில் பறவை பறந்தே போய்விட்டது. போனால் போகட்டும், அதுதான் எங்கள் கையில் இருந்ததே! என்னைத் தூக்கிச் சுற்றினார். நானும் கத்தினேன்.

"பாத்தீங்களா? பொட்டு வச்சதும் வந்துச்சு பாத்தீங்களா?" என்றார் சித்தி.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தார். "ஆமா, நீ சொன்னதுதான் சரி" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லென்ஸ் கடைக்குத் திரும்பவில்லை. இறங்கும்போது அம்மன் கோயிலில் நின்று தேங்காய் உடைத்தோம்.

பல வருஷம் நான் பரீட்சைக்கு முன்பு ஜாமெட்ரி பாக்ஸுக்குப் பொட்டு வைத்தேன். மங்கலுக்குக் காரணம் அந்த மலிவுக் கண்ணாடிதான் என்பது கல்லூரியில் நானே கேமராவைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அது அன்றைக்கே தெரியும்.

அந்தக் கண்ணாடி இன்றும் அவருடைய கேமரா பையில் இருக்கிறது, சித்தியின் கட்டைவிரல் ரேகையோடு. "கழுவிடலாமே சித்தப்பா?" என்று கல்லூரி நாட்களில் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு புரிய எனக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.