நிறஞ்சலாவின் மூன்றாவது கொம்பியூட்டர்

பேசாலையில் கடிதம், அறிவித்தல் அடித்துக்கொடுக்கும் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கும் நிறஞ்சலாவைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அவள் வாங்கிய மூன்று கொம்பியூட்டரையும் மன்னார் ரவுணிலிருந்து என்னுடைய ஓட்டோவில்தான் ஏற்றி வந்தேன்.

முதலாவது, அப்பப்பா! பெட்டிக்கு ஒரு நடை, முதுகு புடைத்த திரைக்கு இன்னொரு நடை. இரண்டாவது, சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் அடங்கியது. மூன்றாவதை வாங்கிய அன்று வெறுங்கையோடு வந்தாள். "எங்க சாமான்?" என்றேன். கைப்பையைத் திறந்து காட்டினாள். சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான்! "இதுக்கு என்னத்துக்கு ஓட்டோ? பஸ்ஸில போயிருக்கலாமே!" என்று எரிந்து விழுந்தேன்.

முதல் இரண்டும் காற்றாடி வழியே உப்புக்காற்றை இழுத்து இழுத்துத் துருப்பிடித்துச் செத்தவை. எறிய மனமில்லாமல் மேசையிலேயே வைத்திருந்தாள். புதியதில் காற்றாடியே கிடையாது. ஆனாலும் அவளுக்குப் பயம். பின்னேரமானால் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

கடை அறை கொலின்ஸ் சம்மாட்டியாருடையது. நாலு படகுக்குச் சொந்தக்காரர். மீனுக்கு ஐஸ் பெட்டி வைக்க அறை வேண்டும், உடனே எழும்பு என்று நின்றார். தை மாதம் வரைக்கும் வாடகைக்கு என்பதுதான் பேச்சு. புருசன் விட்டுப்போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. "தைக்கு முன்னம் ஒரு கதிரையும் அசையாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கதவில் புதுப் பூட்டு. மேசையில் கிடந்த இரண்டு பெரிய பெட்டிகளையும் பார்த்து, கொம்பியூட்டர் உள்ளே மாட்டிக்கொண்டது, இனிக் கெஞ்சிக்கொண்டு வருவாள் என்று மனுசன் நினைத்துவிட்டார். எனக்கு வந்த விசருக்குப் பூட்டை உடைத்திருப்பேன். அவள் விடவில்லை. நேரே எதிரிலிருந்த ஹலீம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போனாள்.

"நானா, உங்கட ரீவியை ஒருக்காத் தாங்கோ."

"கிரிக்கெட் ஓடுது பிள்ளை... சரி எடு. எங்கட ஆக்கள் தோக்கிறதைப் பாத்து என்ன காணப்போறம்?"

கைப்பையிலிருந்து கறுப்புப் பெட்டி வந்தது. வயரைக் குத்தினாள். கீபோர்ட் நான் இரவல் வாங்கி வந்தேன். பாதியில் நின்ற மரண அறிவித்தல் ரீவி நிறைய எழும்பியது. பிரின்டர் உள்ளே மாட்டிக்கொண்டதால் அச்சடித்துவர என்னை ரவுணுக்கு விரட்டினாள். நான் திரும்பி வரும்போது வாங்கில் குந்த இடமில்லாமல் அவளிடம் வேலை கொடுக்க வந்த ஆட்கள்.

சம்மாட்டியாரும் வாசலில் நின்றார். முகம் கறுத்திருந்தது.

"உன்ர கொம்பியூட்டர் ரெண்டும் உள்ளுக்குக் கிடக்கு. பழுதாப் போனா என்னைச் சொல்லாத."

"அதுகள் செத்துக் கனகாலம், சம்மாட்டியார். நீங்கள் பிரேதத்துக்குத்தான் காவல் நிக்கிறீங்கள்."

கடையே சிரித்தது. நான் வேண்டுமென்றே கூடுதலாகச் சிரித்தேன். மனுசன் விறுக்கென்று போய்விட்டார். பின்னேரம் திரும்பி வந்து, பூட்டின் திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பூட்டைக் கழட்டிப்போட்டன். வா, வந்து உன்ர கடையைத் திற."

நிறஞ்சலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறுதலா வாறன். இப்ப கடையில ஆக்கள் நிக்கினம்."