கால் எட்டாத சைக்கிள்

சட்டை எக்ஸ்எல் போடுகிறவன் சைக்கிளும் எக்ஸ்எல்தான் வாங்க வேண்டும் என்று நம்பினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாது. நாற்பத்தெட்டு வயதில், அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு நான் நம்பினேன்.

சர்க்கரை ஏறிவிட்டது, ஏதாவது பண்ணுங்க என்று டாக்டர் சொன்னதால் கியர் சைக்கிள் வாங்கக் கிளம்பினோம், நானும் மனைவியும். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்புக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"சாருக்கு ஸ்மால் எடுத்துருவோம்."

பக்கத்தில் காற்றடிக்க வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். "ஸ்மாலா? எனக்கா?" என்று தொப்பையை முன்னால் தள்ளிக் காட்டினேன்.

"வயித்துக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தம் இல்ல சார். காலோட உள்ளளவுதான் கணக்கு. குறுக்குக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் காலை ஊன்றி நின்னா, நடுவுல ரெண்டு விரலாவது சந்து இருக்கணும்."

வரிசையின் கடைசியில் கறுப்பாக, கம்பீரமாக ஒன்று நின்றது. எக்ஸ்எல். அதன் மேல் காலைப் போட்டு நின்று காட்டினேன். குதி உயர்ந்த செருப்பு, அதற்கும் மேலே நுனிக்கால். கம்பிக்கும் எனக்கும் நடுவில் விரல் என்ன, நூல் நுழையாது. "கச்சிதமா இருக்கு" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"சீட்டை வேணா இறக்கித் தரலாம். கம்பியை இறக்க முடியாது சார்" என்றார் கடைக்காரர்.

எங்களைப் போன்ற நெல் விவசாயக் குடும்பங்களில் எதையும் உடம்புக்கு வாங்குவதில்லை, வளர்வதற்கு வாங்குவார்கள். ஆறாம் வகுப்பில் தைத்த நிக்கர் எனக்கு எட்டாம் வகுப்பில்தான் இடுப்பில் நின்றது. அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்: "இருக்கட்டும், போகப் போகச் சரியாயிடும்."

"எது சரியாவும்? நீங்களா, சைக்கிளா?" என்றாள் மனைவி.

காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து ஏறினால் போய்விடலாம். இறங்குவதுதான் சிக்கல். ஓடுகிற வரைக்கும் நான் வீரன். நின்றால் காலுக்குத் தரை கிடையாது. அதனால் மதகுக் கட்டை, மாதா கோயில் படி, கரண்ட் ஆபீஸ் திண்டு என்று கால் வைக்க இடம் உள்ள ஊராக மட்டும் காரைக்காலை மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். தெரிந்தவர் யாராவது "சார், நில்லுங்க, ஒரு விஷயம்" என்றால், "அவசரம்ங்க" என்று கையாட்டிவிட்டுப் பறப்பேன். சார் இப்பல்லாம் ரொம்ப பிஸி என்று தெருவில் பேர் வந்துவிட்டது. மூன்று வாரம் இப்படி ஓட்டினேன்.

அன்று காலை ஏழு மணிக்கு, கீழவாஞ்சூர் பக்கம் போகிற சாலையில், ஒரு டீக்கடை முன்னால் துறைமுகத்து நிலக்கரி லாரி ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல தூரம். நிதானமாக நின்றிருக்கலாம். எனக்கு நிற்பது என்றாலே உதறல் ஆயிற்றே. இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. இடது கால் தரையைத் தேடிப் போனது, போனது போனதுதான். குறுக்குக் கம்பி என்னை எந்த இடத்தில் தாங்கியது என்று விவரிக்க மாட்டேன். கவிழ்ந்து கிடந்தேன். என்னைப் பார்த்துப் பதறி லாரிக்காரர் ஒரு பனைமர நீளத்துக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார்.

"அடிச்சுட்டான்டா!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். அந்தச் சாலையில் கரி லாரியும் நிற்கிறது, ஒரு ஆளும் கீழே கிடக்கிறான் என்றால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. ஏழெட்டுப் பேர் சூழ்ந்தார்கள். ஒருவர் லாரியில் ஏறிச் சாவியைப் பிடுங்கினார். இன்னொருவர் டிரைவரை இழுத்து இறக்கினார். ஒல்லியான ஆள், என் வயசுதான் இருக்கும்.

"நான் தொடவே இல்லைங்க. சத்தியமா அவரா விழுந்தாரு."

"அவரா விழுவாரா? பெரிய மனுஷன், பொழுது விடிஞ்சு உன் லாரிய பார்த்ததும் விழுந்து கும்பிட்டாராக்கும்?"

"ஐயா, நீங்களே சொல்லுங்கய்யா" என்று அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வாயைத் திறக்க முடியாத வலி. அது அரை நிமிஷம். அதற்குப் பிறகு வலி குறைந்துவிட்டது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகும் வாயைத் திறக்காதது ஏன் என்றால், எதிரே ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கால் எட்டலைங்க" என்று நான் சொன்னால் அது பத்து மணிக்குள் எங்கள் ஆபீஸ் குரூப்புக்கு வரும், பதினொன்றுக்குள் மனைவிக்கு. வீடியோவின் கீழே என்னென்ன பொம்மை சிரிக்கும் என்பதுவரை என் மூளை யோசித்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேச்சே வரல பாரு. உள்காயமா இருக்கும். சோடா வாங்கிட்டு வாய்யா."

அப்போது பளாரென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்தவர் மறுபடி கையை ஓங்கினார்.

"லாரி இடிக்கலைங்க" என்றேன்.

"பின்ன?"

"கால் எட்டல. சைக்கிள் பெருசு."

முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அடித்தவரும் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதண்ணே" என்று டிரைவர் தோளைத் தட்டினார். டிரைவர் சிரிக்கவில்லை. கழன்று கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடியோ எந்த குரூப்புக்கும் வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி, தொடை இடுக்கிலிருந்து தரைவரை டேப் பிடித்து, ஸ்மாலையே மாற்றிக் கொடுத்தார். இப்போது எங்கே வேண்டுமானாலும் நின்று பேசுகிறேன். இந்தக் கதையை நானே ஆபீஸில் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லும்போது டிரைவர் கன்னத்தில் விழுந்த அந்த அறையை மட்டும் விட்டுவிடுவேன். மனைவியிடமும் சொன்னதில்லை.

நடந்தது இவ்வளவுதான். லாரி என்னைத் தொடவில்லை. அது எனக்கு விழுந்த கணமே தெரியும். நான் அதைச் சொன்னது, அந்த மனிதர் அடி வாங்கிய பிறகு.