பொன்னாடைக்கு இடமில்லை

வயோலா என்றால் என்ன என்று என்னிடம் கேட்காத தமிழர் சிட்னியில் குறைவு. கோயிலில், கலியாண வீட்டில், ஒருமுறை செத்த வீட்டில்கூடக் கேட்டார்கள். முதல் வருடம் பொறுமையாக விளக்கினேன்: வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் தடித்தது, பார்வைக்கு வயலின் போலத்தான் இருக்கும். இரண்டாம் வருடம் வயலினுக்கு அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் வருடத்தில், ஓம் வயலின்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நழுவப் பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு அப்படி நழுவ வழியில்லை. இதைப் படித்து என்ன வேலை எடுக்கலாம் என்ற அடுத்த கேள்வி அவரிடம்தான் போகும்.

அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அப்பா எங்களை விட்டுவிட்டு மெல்பேணுக்குப் போய், ஸ்பிரிங்வேலில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். தகப்பன் கூட இருந்திருந்தால் பிள்ளை ஃபார்மசியாவது படித்திருக்கும் என்று சனம் நினைத்தது. நினைத்ததை என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் காதுக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் இருந்த லிட்கம்மில் இருந்து முதியோர் இல்லத்து வேலைக்குப் போய், கால் வீங்கித் திரும்பி வந்து, குசினிக் கதிரையில் இருந்தபடி யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒப்புவிப்பார். ஒப்புவித்து முடிந்ததும் "நீ படி" என்பார். தொடக்கத்தில் இந்தப் படிப்பே வேண்டாம் என்று என்னோடு கதைக்காமல் இருந்தவரும் அவர்தான். சனம் வாய் வைத்த பிறகு என் பக்கம் வந்துவிட்டார். அது இசைமேல் வந்த பிரியம் இல்லை, வெறும் வீம்பு. எனக்கு அது போதுமாக இருந்தது.

நான்கு வருடப் பட்டம். நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருப்போம் என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்கு நினைப்பு. உண்மையில் ஆசிரியரோடு தனி வகுப்பு கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான். மற்றதெல்லாம் பட்டத்துக்குக் கட்டாயம் என்று கையேட்டில் போட்டிருக்கும் பாடங்கள். காதுப் பயிற்சி என்று ஒன்று. பியானோவில் நாலைந்து கட்டைகளை ஒன்றாக அமத்துவார்கள், அவை எவை என்று நாங்கள் எழுத வேண்டும். பியானோ இருக்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் சொந்தப் பெயரை எழுதுவதுபோல எழுதிவிட்டுப் பேனையை வைப்பார்கள். நான் முதல்முறை கோட்டைவிட்டு, அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். பிறகு ஓர்கெஸ்ட்ரா, ஒவ்வொரு பருவமும் தப்ப முடியாது. வயோலாக்காரர் நடுவில் இருந்து, ஒருவர் காதிலும் தனியாக விழாத ஸ்வரங்களை நிறைய வாசிப்போம். மற்ற மாணவர்களின் கச்சேரிகளுக்குப் போய் இருந்து, வந்ததற்குக் கையெழுத்தும் வைக்க வேண்டும். அதுவும் பட்டத்தில் சேர்த்தி. உலக இசை என்ற பாடத்தில் இந்தியாவுக்கு ஒரு கிழமை ஒதுக்கியிருந்தார்கள். விரிவுரையாளர் தம்புரா ஒலியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கர்நாடக சங்கீதம் வெள்ளிக்கிழமைகளில் அம்மா யூட்யூபில் போடுவதுதான். தெரியாது என்றேன். அவருக்கு ஏமாற்றம், எனக்கு எரிச்சல்.

நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சி அறைகள் வரிசையாக இருக்கும் நடைவழியில் நடந்தாலே தெரிந்துவிடும்; பக்கத்து அறையில் என்னைவிட இரண்டு வயது குறைந்தவன் என் பாட்டையே வாசித்துக்கொண்டிருப்பான், நன்றாக இருக்கும். மூன்றாம் வருட முடிவில் என் ஆசிரியர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது உனக்கு நன்றாக வரும் என்று அன்பாகச் சொன்னார். மேடைக்கு நீ ஆகமாட்டாய் என்பதுதான் அதற்குப் பொருள் என்று இசை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போய் வயோலாப் பெட்டியைத் திறக்காமல் படுத்துவிட்டேன். அம்மா தலையிடியோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

நாலாம் வருடக் கடைசியில் இறுதிக் கச்சேரி. ஐம்பது நிமிடம் வாசிக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் புள்ளி போகும். பழைய காலத்துப் படைப்பு ஒன்று, பல பகுதிகளாக வரும் சொனாட்டா ஒன்று, உயிரோடிருக்கும் ஆஸ்திரேலியர் எழுதியது ஒன்று. முன்னால் மூன்று பேர் இருந்து புள்ளி போடுவார்கள். எனக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை காலை, பத்தே முக்கால். விரும்பியவர்கள் வந்து கேட்கலாம் என்று கல்லூரி போட்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப அரங்கேற்றம் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடையே ஒரு பிள்ளை கலை படித்து முடித்தால் அரங்கேற்றம்தான். மண்டபம் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி, பிரதம விருந்தினர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அவர் மேடையேறிப் பிள்ளையைப் புகழ்ந்து பேசுவார். அம்மாவின் சிநேகிதி, ஸ்ட்ராத்ஃபீல்ட் அன்ரி, தன் மகளின் பரத அரங்கேற்றத்தில் விருந்தினர் பேசிய காணொளியை வருடம் தவறாமல் எல்லோருக்கும் அனுப்புவார். அம்மா அதை ஒவ்வொரு முறையும் கடைசிவரை பார்ப்பார்.

"பிரதம விருந்தினர் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. இது சோதனை அம்மா."

"மூண்டு பேர் வருகினம் எண்டாய்."

"அவை மாக்ஸ் போட வருகினம்."

"போடட்டுமன். போட்டுட்டு ரெண்டு வார்த்தை சொல்லட்டும்."

அப்படி வழக்கம் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. அம்மா குரலை உயர்த்தவில்லை. "நாலு பேருக்கு முன்னால உன்னைப் பற்றி ஆராவது ஒருக்கா நல்லதாச் சொல்ல வேணும் பிள்ளை. இந்த நாலு வருசத்துக்கு எனக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போய்விட்டது. தாமரைப்பூ, குத்துவிளக்கு, நடுவில் என் படம். அம்மா கோயில் சனம் எல்லாருக்கும் அனுப்பினார். கை கூப்பும் படங்களும் வாழ்த்துகளும் வந்து குவிந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் வேலையை விட்டுவிட்டு யார் வருவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பார்.

வந்தது ஸ்ட்ராத்ஃபீல்ட் அன்ரி மட்டும். அம்மாவும் அவரும் பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் என் வகுப்புக்காரர் நாலு பேர் இருந்தார்கள், வருகைக் கையெழுத்துக்காக. மிச்சமெல்லாம் வெறும் கதிரைகள். மேடையிலிருந்து பார்த்தபோது அம்மா அடிக்கடி திரும்பிக் கதவைப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. சுருதி சேர்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

வாசித்ததைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சொனாட்டாவின் முதல் பகுதி முடிந்து நான் தந்தியிலிருந்து வில்லை எடுத்ததும் அம்மா கை தட்டினார். பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை என்று அவருக்கு யார் சொன்னார்? பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கூட வாசித்த பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முடிக்கும்வரை காத்திருந்தார். மற்றபடி பெரிய பிழை இல்லை, பெரிய சிறப்பும் இல்லை. பிறகு வந்த புள்ளியும் அப்படியே நடுத்தரம்.

கடைசிப் பாட்டு முடிந்து, நான் வணங்கி, அந்தச் சின்னக் கைதட்டலும் ஓய்ந்தது. பரீட்சகர் மூவரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மா எழும்பினார். கைப்பைக்குள் இருந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒரு பொன்னாடையை எடுத்தார். சிவப்பு, கரையில் ஜரிகை. நேரே நடுவில் இருந்த தலைமைப் பரீட்சகரிடம் போனார். அந்த அம்மையார் நிமிர்ந்து, விஷயம் புரிந்து, சிரித்தபடி இரண்டு கையையும் தூக்கி, இதெல்லாம் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்.

வேண்டாம் என்று முதலில் சொல்வது எங்கள் ஆட்களிடம் மரியாதை. வற்புறுத்தாமல் விட்டால்தான் தப்பு. அதனால் அம்மாவும் சிரித்துக்கொண்டு பொன்னாடையை விரித்து அவர் தோளுக்குக் கொண்டுபோனார். அவர் பின்வாங்கினார், கதிரை இடித்தது, தாள்கள் கீழே கொட்டின. வாசலில் நின்ற ஊழியர் விரைந்து வந்தார். நான் மேடையிலிருந்து "அம்மா, விடுங்கோ" என்று கத்தினேன். அம்மா விடவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீசில், பிளீஸ், என் மகளைப் பற்றி ரெண்டு நிமிசம் பேசினால் போதும் என்று கேட்டார். அந்த அம்மையார் கெட்டவர் இல்லை. இது பரீட்சை, இங்கே நாங்கள் ஒன்றும் பேசுவதில்லை, முடிவு மின்னஞ்சலில் வரும் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வயோலாவைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினேன்.

வெளியே அன்ரி, வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் விளங்காது என்று ஆறுதல் சொல்லித் தன் காரில் கூப்பிட்டார். அம்மா ட்ரெயினில் போகிறோம் என்றுவிட்டார். நாளைக்குக் கோயில் முழுக்க இந்தக் கதை போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பகல் நேரத்து ட்ரெயினில் கூட்டமில்லை. அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். மடியில் பொன்னாடை, திரும்ப உறைக்குள் மடித்து வைத்தபடி. ரெட்ஃபர்ன் தாண்டும்வரை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அந்த மனுசி பேசியிருந்தா, என்ன சொல்லியிருப்பா?"

தெரியாது என்றேன்.

"உனக்குத் தெரியும். நாலு வருசம் அங்கதானே படிச்சனி."

சும்மா விடமாட்டார் என்று தெரிந்தது. சரி என்று தொடங்கினேன். இந்த மாணவியின் வில் பிடிக்கும் கை நல்ல கை என்று சொல்லியிருப்பார். தாழ்ந்த தந்தியில் இவள் எழுப்பும் ஒலி கனமானது, கேட்பவர் மனதில் நிற்கும். ஒரு பாடத்தில் தவறியும் தளராமல் திரும்பப் படித்தவள். இப்படி இல்லாததையும் இருப்பதையும் கலந்து, பிரதம விருந்தினர் பாணியில் அடுக்கிக்கொண்டே போனேன். என்னைப் பற்றி யாரும் சொல்லாத நல்லதையெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தது வெட்கமாக இருந்தது. அம்மா வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ட்ராத்ஃபீல்ட் வரும்போது முடித்துவிட்டேன்.

அவர் இன்னும் காத்திருந்தார்.

"அவ்வளவுதானோ?" என்றார். "என்னைப் பற்றி ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாவோ? தாயைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் ஆரும் மேடையால இறங்கினதை நான் காணேல்லை."

கதவு மூடி ட்ரெயின் கிளம்பியது. சொல்லியிருப்பா அம்மா என்றேன். என்ன என்று அவர் கேட்க முன்னமே தொடங்கினேன், தனியாக நின்று வளர்த்தவர் என்று, வீங்கிய காலோடு வேலைக்குப் போனவர் என்று, ஊர் என்ன சொன்னாலும் படி என்றே சொன்னவர் என்று. லிட்கம் வர முன் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால் அவசர அவசரமாகச் சொன்னேன். கேட்டு வாங்கின புகழ் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் இருப்பவர்போல நிமிர்ந்து இருந்து அதைக் கேட்டார்.