யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளை

யார் கூப்பிட்டாலும் சிணுங்காமல் இடுப்பில் ஏறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சமத்து என்பீர்கள், வேறென்ன. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெரு மொத்தமும் அதைத்தான் சொன்னது. நானும் சொன்னேன். மூன்று வயதுப் பெண். அக்காவும் அவள் கணவரும் உகாண்டாவில் தத்தெடுத்துக் கூட்டி வந்தவள். மாமாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. நான்கு வருடம் இருந்து, கோர்ட் படியெல்லாம் ஏறி இறங்கி, ஒரு மகளோடு திரும்பினார்கள். வந்த வாரமே வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. ஆளாளுக்கு அவள் சுருட்டை முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். “நம்ம கலர்தாம்மா, ஒண்ணும் வித்தியாசம் தெரில” என்று எதிர்வீட்டு அத்தை சான்றிதழ் வழங்கினார். யார் மடியில் வைத்தாலும் பாப்பா உட்கார்ந்தாள், எதை ஊட்டினாலும் விழுங்கினாள். ஒருமுறைகூட அழவில்லை.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரையான்சாவடியில் இருக்கிறார். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு தண்ணீர் லாரி வைத்து ஓட்டுகிறார். எந்தக் குழந்தையைக் கண்டாலும் அவருக்கு ஒரே ஜோக்: “எங்க ஊட்டுக்கு வந்துடு கண்ணு, உங்கம்மா வாணாம்.” என்னையும் சின்ன வயதில் அதைச் சொல்லி அழவைத்தவர்தான். எல்லாப் பிள்ளைகளும் அம்மா காலைக் கட்டிக்கொண்டு அலறும், அவர் சிரிப்பார், அதோடு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்கூட்டரைக் காட்டி, பாப்பாவிடமும் அதையே சொன்னார். அவள் அலறவில்லை. உள்ளே போனாள். ஷூவை மாட்டிக்கொண்டு, தலையணை உறையில் ஒரு கவுனையும் தன் டம்ளரையும் போட்டு இழுத்துவந்து, வண்டிப் பக்கத்தில் நின்றாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் வேறு போட்டேன். முட்டாள் என்றால் அப்படி ஒரு முட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த வீடியோவை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “நல்லா பாரு. ஒரு தபாவாவது திரும்பி என்னைப் பாக்குதா?”

பார்க்கவில்லை. இங்கே வருவதற்குள்ளேயே மூன்று வீடு மாறியவள் என்று அக்கா சொன்னாள். ஒவ்வொரு முறையும் யாரோ சிரித்துக்கொண்டே வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், இவளும் போயிருக்கிறாள். நாங்கள் நாலாவது வீடு, அவ்வளவுதான். ஐந்தாவது வந்து கூப்பிட்டால் கிளம்ப வேண்டும்.

அம்மா அப்பா யாரென்று பாப்பாவுக்குப் பதியும்வரை என்று அன்றே அக்கா ஒரு சட்டம் போட்டாள். அவளும் மாமாவும் தவிர வேறு யாரும் பாப்பாவைத் தூக்கக் கூடாது, ஊட்டக் கூடாது. வந்தவர்கள் கிளம்பும்போது, “நாங்க போயிட்டு வரோம், நீ இங்கதான் இருப்ப” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும். இதைக் கேட்டில் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லும் வேலை எனக்கு. பி.இ. படித்தது இதற்குத்தான். சித்தி ஒருத்தர், “தூக்குனா இன்னா, தேஞ்சா பூடும்?” என்று கேட்டார். எதிர்வீட்டு அத்தை நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு நேரே உள்ளே போய்த் தூக்கினார். கேட்டால், நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா என்பார்கள். வளர்த்தீர்கள், யார் இல்லையென்றது? அதில் எந்தப் பிள்ளை ஃபிளைட் ஏறி அம்மாவிடம் வந்தது? பெரியப்பா என்னைப் “போடா” என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பேரைப் பகைத்தும் பாப்பா அதே மரியாதைச் சிரிப்பைத்தான் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கொரியர்காரர் பின்னாலேயே தெருமுனை வரை போய்விட்டாள். அன்றைக்கு எனக்கே இந்தச் சட்டமெல்லாம் வேஸ்ட் என்று தோன்றியது.

எட்டு மாதம் கழித்து, ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு அழைக்கும் சாக்கில் பெரியப்பா வந்தார். செருப்பைக் கழற்றியதும் வீம்புக்கென்றே அதே பழைய கேள்வியைக் கேட்டார். எங்க ஊட்டுக்கு வந்துடறியா? பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மாட்டேன்.”

அவர் விடாமல் கையை நீட்டினார். அவள் அவருடைய ஒற்றைச் செருப்பை எடுத்துத் தெருவில் எறிந்தாள். “நீ போ. இது எங்க ஊடு.” பிறகு ஓடிப்போய் அக்காவின் நைட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள் பாருங்கள், நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் அழுதாள்.

பெரியப்பா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய்ச் செருப்பைப் பொறுக்கி வந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் பாப்பாவிடமிருந்து நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை.

“நா போயிட்டு வரேன் தாயி. நீ இங்கதான் இருப்ப.”

இப்போது அவளுக்கு ஏழு வயது. என் அறைக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறாள். லேப்டாப்பும் சார்ஜரும் உள்ளே. இதை மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி நான்கு சதவீதம்.