அன்புச்செல்விக்குக் கனவு வராது

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் பாசஞ்சர் வண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் உருண்டை பிடித்து விற்கிற அன்புச்செல்விக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. அவளே மறந்தாலும் ஊரார் மறக்கவிட மாட்டார்கள். அம்மா சின்னபொண்ணு இருந்தவரை மயிலம் பக்கத்து அந்த வீட்டில் அவள் சம்பாதித்துப் போடும் மூத்த பிள்ளை. அம்மா செத்ததும், அம்மாவும் அவளும் படுத்திருந்த நடு அறைக்குப் பாரமாகிவிட்டாள்.

அவளுக்கும் கனவு வரும். உருவம் வராது. சத்தம் வரும், வாசனை வரும், தொட்டால் சூடு தெரியும். கனவில் உனக்கு வெறும் இருட்டுதானா என்று ரயிலில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தையே அறியாதவளுக்கு இருட்டு மட்டும் எப்படித் தெரியும்? கண்ணிருந்தும் இந்த யோசனை ஒருவருக்கும் வந்ததில்லை.

கருமாதி முடிந்த வாரம் தம்பி பெண்டாட்டி கலைமதி ஒரு கனவு கண்டாள். மாமியார் மஞ்சள் புடவையில் வந்து, அன்புவைத் திண்டிவனத்தில் ஒரு பார்வையற்றோர் விடுதியில் சேர்த்துவிடு, அங்கே நன்றாக இருப்பாள் என்றாளாம். கலைமதி தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, புதுப்பெண்ணுக்கு அறை இல்லாமல் அல்லாடிக்கொண்டிருந்த நேரம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

செத்தவர்கள் கனவில் வந்து கேட்டதைச் செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். தாய்மாமன் தாண்டவராயனைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். அன்பு தன் கனவையும் சொன்னாள். அம்மா பின்னால் வந்து உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, வலிக்க வலிக்கத் தலை பின்னிவிட்டாள். வாயில் வெற்றிலை வாசனை. இந்த அறையை விட்டு எங்கேயும் போகாதே என்றாள்.

கண்ணே இல்லாதவளுக்குக் கனவு எங்கிருந்து வரும் என்று கலைமதி சிரித்தாள். மாமா பெரிய நியாயஸ்தர் அல்லவா, சோதித்துப் பார்த்தார்.

"இன்னா கலரு பொடவ கட்டிக்கினு வந்தாம்மா?"

பச்சை என்றிருக்கலாம், நீலம் என்றிருக்கலாம். கலர்களின் பெயர் அவளுக்குத் தெரியாதா? பாவி மகள் உண்மையைச் சொன்னாள்.

"கலரு தெரியாது மாமா. முந்தானை ஈரமா இருந்திச்சு. என் முதுகுல பட்டுச்சு."

அதோடு வழக்கு முடிந்தது. ஊமை கண்ட கனவை வெளியே சொல்ல முடியாது என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, கேட்கத்தான் அந்த வீட்டில் யாருக்கும் காது இல்லை. தம்பி முருகையன் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவள் பையைக் கட்ட எழுந்து போனான்.

மறுநாள் அவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போனான். விடுதி வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, அம்மா உன் கனவுல வந்தப்போ என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

அப்படியானால் இவன் நம்பியிருக்கிறான். அம்மா வந்தது நிஜம், அம்மா சொன்னதும் நிஜம் என்று நம்பிக்கொண்டேதான் பையைக் கட்டியிருக்கிறான். பின்னி முடித்து எழுந்தபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், தம்பி சாப்பிட்டானா என்று. அதை அன்பு மாமாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"உன் பேரையே எடுக்கலடா" என்று சொல்லிவிட்டு அவனிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.