ராத்தா, கேக்குதா?

ஜின் இரிக்கி எண்டு ஈமான் கொண்டிரிக்கம், அது வேற. ஆனா பாழ்வளவுக்குள்ள அழுகைச் சத்தம் கேட்டது எண்டு ஆரும் வந்து கதைச்சா முதல்ல சிரிக்கிற ஆள் நான். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நீங்களும் சிரிங்க, எனக்குக் கோவமில்ல.

ஊரடங்கு போட்டு ஸ்கூல் மூடிக் கிடந்த நேரம். பின்னேரம் அசர் தொழுதிட்டு லெப்டொப்பத் திறந்து ஒன்லைன் வகுப்புத் தொடங்கினன். "கேக்குதா பிள்ளையள்?" எண்டு கேக்க, "ஓம் டீச்சர், ஆனா கடல் இரைச்சலும் சேர்ந்து கேக்குது" எண்டாங்க. கடல் எங்க, நாங்க எங்க? சுனாமிக்குப் பிறகு உம்மா கடலப் பார்க்கவே மாட்டன் எண்டதால, நாட்டுச் சண்டை முடிஞ்ச கையோட வயல் பக்கம் கட்டி வந்த வீடு இது.

ஃபேன நிப்பாட்டினன். மைக் சத்தத்தக் குறைச்சன், ஹெட்செட்ட மாத்தினன், லெப்டொப்பயும் ஒருக்கா நிப்பாட்டிப் போட்டன். திரும்ப வந்தா ஒரு பிள்ள சொல்லுது, "டீச்சர், உங்களுக்குப் பின்னால ஆரோ 'ராத்தா, கேக்குதா' எண்டு கூப்பிடுறாங்க."

அக்காவ நாங்க ராத்தா எண்டுதான் கூப்பிடுற. என்ன அப்படிக் கூப்பிட ஒரேயொரு தங்கச்சிதான் இருந்தாள். பன்னிரண்டு வயசில சுனாமியோட போனவள்.

ஹெட்செட் வயரப் பிடுங்கி எறிஞ்சன். மைக்க நிப்பாட்டினன், சிவப்புக் கோடும் விழுந்திட்டு. திரையில பிள்ளையள் எழுதுதுகள்: "இன்னும் கேக்குது டீச்சர்." "எனக்கும் கேக்குது." எனக்கோ ஒரு சத்தமுமில்ல. நம்பினா நம்புங்க, பயத்துக்கு ஓதுற ஆயத்துல் குர்ஸிய ஓதத் தொடங்கி பாதியில மறந்து நிண்டன். எல்லாத்தயும் மூடினன்.

இப்ப ஒண்டு சொல்லோணும், இத ஆருக்கும் சொன்னதில்ல. சுனாமி அண்டைக்கு ஓடுற நேரம் பின்னால அவள் என்ன மூணு தரம் கூப்பிட்டாள். கேட்டது. நான் திரும்பல்ல. திரும்பினா நானும் போயிருப்பன் எண்டு பயம். உம்மாக்குச் சொன்னது, "எனக்குக் கேக்கல்ல உம்மா" எண்டு. மூணு தரம் எண்டது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்த நாள் ஒரு பிள்ள அந்த வகுப்பின்ட ரெக்கோடிங்க போனுக்கு அனுப்பியிருந்திச்சு. போட்டுப் பார்த்தன். எனக்குக் கேட்டது என்டயும் பிள்ளையள்டயும் குரல் மட்டும்தான். ஆனா குசினிக்குள்ள கீரை ஆஞ்சிட்டிருந்த உம்மா அப்படியே எழும்பி வந்தா.

"மூணு தரம் கூப்பிடுறாளே மகள்" எண்டா. "அண்டைக்கு உனக்குக் கேக்கல்ல எண்டுதானே சொன்ன?"

"கேக்கல்ல உம்மா" எண்டன்.

இப்பவும் அசர் தொழுது முடிய உம்மா அதப் போடச் சொல்லுவா. போட்டுக் குடுப்பன். காதில வெச்சுக்கிட்டு, "ஓம் மகள், உம்மாக்குக் கேக்குது" எண்டு மெதுவாப் பதில் சொல்லுவா. நான் பக்கத்தில இருந்து காதத் தீட்டிக்கிட்டுக் கேப்பன். இண்டைக்கு வரைக்கும் எனக்கு ஒண்டும் கேக்கல்ல. இது மட்டும் பொய்யில்ல.